ஸ்விங் ஆர்மா, பீம் பிரஸ்ஸா? ஷூ அப்பர் வெட்டுவோருக்கு

பேரணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் ஷூ அப்பர் (ஷூவின் மேல்பாகம்) வெட்டித் தர புதுசா ஜாப் ஒர்க் யூனிட் போடுபவர்கள் முதலில் தடுமாறுவது இங்கேதான். பல சைஸ், பல மாடல், தினமும் டை (வடிவத்தை வெட்டும் கத்தி அச்சு) மாற்றும் வேலை. எந்த மெஷின்? ஸ்விங் ஆர்மில் பக்கவாட்டில் திருப்பக்கூடிய ஒரு கை டையை அழுத்தும். பீம் பிரஸ்ஸில் மேசைக்குக் குறுக்கே உள்ள அகலமான தலை இறங்கி அழுத்தும்.

தோல் வெட்ட: ஸ்விங் ஆர்ம்தான், பேச்சே இல்லை. தோலில் கீறல், உண்ணிக்கடித் தழும்பு, வயிற்றுப் பக்கத் தளர்வு எல்லாம் இருக்கும். கட்டர் கையால் தடவிப் பார்த்து, தோல் எந்தப் பக்கம் இழுபடும் என்று கவனித்து, பழுதைத் தவிர்த்து டையை வைப்பார். ஆர்மை ஒதுக்கிவிட்டால் தோல் முழுக்கக் கண்ணில் படும். பீமில் தலைக்குக் கீழே குனிந்து பார்க்க வேண்டும்.

லைனிங், ஃபோம், ரெக்சின்: பீம். நாலைந்து அடுக்கை ஒரே அடியில் வெட்டும். ஸ்விங் ஆர்மில் அடுக்கிப் போட்டால் அடி அடுக்கு அளவு மாறும்.

டை மாற்றம்: இரண்டிலும் சுலபம். டை உயரம் மாறினால் ஸ்ட்ரோக்கை (தலை இறங்கும் தூரம்) திரும்ப செட் செய்தே ஆகணும். மறந்தால் டை அடியில் உள்ள வெட்டுப் பலகைக்குள் இறங்கி முனை மழுங்கும். எல்லா டையையும் ஒரே உயரத்தில் செய்யச் சொல்லுங்கள், பாதித் தலைவலி போகும்.

விலை, இடம், கரண்ட்: மூன்றிலும் ஸ்விங் ஆர்ம் சிக்கனம்.

பாதுகாப்பு: எது வாங்கினாலும் இரு கை பட்டன் (இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் மெஷின் இறங்கும்) கட்டாயம். பழைய மெஷினில் ஒரு பட்டனை டேப் ஒட்டி வைத்திருந்தால், விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.

தோல் அப்பர் மட்டும் என்றால் இரண்டு ஸ்விங் ஆர்ம் போடுங்கள். லைனிங் ஆர்டர் தொடர்ந்து வந்தால் மட்டும் பீம்.