எலிகளுக்கான நீர்த்தொட்டி: ஓராண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

இட நினைவாற்றல் சோதனைக்காக எங்கள் ஆய்வகத்தில் வாங்கிய வட்ட நீர்த்தொட்டியை ஓராண்டாகப் பயன்படுத்தி வருகிறேன். தொட்டியுடன் மேடை, கேமரா, எலி நீந்தும் பாதையை வரையும் மென்பொருள் ஆகியவையும் ஒரே தொகுப்பாக வந்தன. மென்பொருளில் குறையில்லை. மேடையின் சொரசொரப்பான மேற்பரப்பில் ஈரக்கால்கள் வழுக்குவதில்லை. குறை தொட்டியில்தான் இருக்கிறது.

ரிச்சர்ட் மோரிஸ் 1981-இல் வெளியிட்ட இச்சோதனையில், கலங்கலான நீரில் விடப்படும் எலி, நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே மறைந்திருக்கும் மேடையை அறைச் சுவர்களிலுள்ள அடையாளங்களைக் கொண்டே கண்டுபிடிக்க வேண்டும். அந்த இடத்தை நினைவில் கொள்ள மூளையில் இட நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸ் பகுதியின் நரம்பிணைப்புகள் வலுப்பெற வேண்டும். அங்குள்ள நரம்புச் செல்களின் மேற்பரப்பில் வேதிச் செய்தியை ஏற்கும் புரதமான என்எம்டிஏ ஏற்பியின் வாயிலை மக்னீசியம் அயனி அடைத்திருக்கும். பக்கத்து நரம்புச் செல் அனுப்பும் வேதிப்பொருளான குளூட்டமேட் வந்து சேரும் அதே நேரத்தில், அதை ஏற்கும் நரம்புச் செல்லும் தூண்டப்பட்டிருந்தால்தான் அடைப்பு விலகிக் கால்சியம் உள்ளே பாய்ந்து இணைப்பை வலுவாக்கும். 1986-இல் மோரிஸ் குழுவினர் ஏபி5 என்ற மருந்தால் இந்த ஏற்பியைத் தடுத்தபோது, எலிகள் மேடையின் இடத்தைக் கற்கத் திணறின. ஆனால் கண்ணால் பார்த்து வேறுபடுத்தும் பயிற்சியை வழக்கம்போல் கற்றன.

ஆகவே, தொட்டிக்குள் கண்ணில் படும் அடையாளம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. எங்கள் தொட்டியோ இரண்டு பாதிகளை ஒட்டிச் செய்தது. மூன்றாம் மாதத்தில் ஒட்டிய இடம் மங்கிய சாம்பல் கோடாகத் தெரியத் தொடங்கியது. சுவரை நோக்கியே எலியை நீரில் விடுகிறோம் என்பதால், சில தடவைகளில் அந்தக் கோடு அதன் மூக்கிலிருந்து ஒரு சாண் தொலைவில்கூட இருப்பதில்லை. சந்தேகத்தில் ஒரு நாள் மேடையை எடுத்துவிட்டு, தொட்டியைக் கால் வட்டம் திருப்பி வைத்தோம். அறை மாறவில்லை, எலிகள் கோட்டோடு சேர்ந்து திரும்பின, பழைய இடத்தைத் தேடவே இல்லை. இப்படிப்பட்ட தொட்டியில், இணைப்புகள் வலுப்பெறாத எலியும் கோட்டைப் பிடித்துக்கொண்டு தேறிவிடக்கூடும். ஏபி5 போன்ற மருந்தின் விளைவு நம் கண்ணுக்கே தெரியாமல் போய்விடும்.

விற்பனை நிறுவனத்திடம் முறையிட்டபோது, நீர் நிரப்பினால் கோடு தெரியாது என்றார்கள். நீர்மட்டத்திற்கு மேலேதான் அது தெரிகிறது என்று படம் எடுத்து அனுப்பியும் மாற்றித் தரவில்லை. உட்சுவர் முழுவதையும் நாங்களே இழைத்து வெள்ளை எப்பாக்சி பூசி, மீண்டும் திருப்பிச் சோதித்தோம். இம்முறை எலிகள் அறையின் அடையாளங்களையே பின்பற்றின. முந்தைய நான்கு வாரத் தரவுகளை ஒதுக்கிவிட்டோம்.

வாங்க நினைப்பவர்கள் ஒரே வார்ப்பில் செய்த தொட்டியைக் கேளுங்கள். விலை கூடினாலும் பரவாயில்லை. கேமராவையும் மென்பொருளையும் மட்டும் தனியாகத் தருவார்களானால் தயங்காமல் வாங்கலாம்.