மாதத்தில் ஒரு ஞாயிறு: ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையா, உபின் சதுப்புநிலமா?

சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காக் கடற்கரையில் நான்கு ஆண்டுகள் குப்பை பொறுக்கினேன். போன ஆண்டிலிருந்து அதை விட்டுவிட்டு, மாதம் ஒரு ஞாயிறு புலாவ் உபின் தீவில், கடலோரச் சேற்றில் வளரும் அலையாத்தி மரங்களின் சதுப்புநிலத்துக்குப் போகிறேன். கடலுக்காக ஏதாவது செய்ய நினைக்கும் நண்பர்கள், இரண்டில் எதற்கு வரலாம் என்று கேட்கிறார்கள்.

வசதி என்றால் ஈஸ்ட் கோஸ்ட்தான். பிள்ளைகளைக் கூட்டிப் போகலாம், இரண்டு மணி நேரத்தில் வீடு திரும்பிவிடலாம். உபினுக்கு என்றால் சாங்கி படகுத்துறையில் 12 பேர் சேரும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம் முழங்கால் வரை சேறு.

என்னை மாற்றியது ஒரே கேள்வி. செய்த வேலை நிற்கிறதா?

மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று, ஈஸ்ட் கோஸ்ட் இருக்கும் தென்கரையில் குப்பையைக் கொண்டுவந்து கொட்டும். ஒரு வாரம் 17 பை நிரப்பினோம். அடுத்த வாரம் அதே இடத்தில் கிட்டத்தட்ட அதே அளவு. அந்த உழைப்பு வீண் என்று சொல்ல மாட்டேன். கடலுக்குத் திரும்பாத ஒவ்வொரு நெகிழிப் பையும் லாபம்தான். 2024 ஜூனில் எண்ணெய் கசிந்து அந்தக் கரை கறுத்தபோது மணலை அள்ளி அகற்ற முடிந்தது. அதே எண்ணெய் அலையாத்தி மரங்களின் மூச்சுவேர்களுக்குள் புகுந்தால் எதை அள்ளுவது? சிங்கப்பூரில் ஒரு காலத்தில் இருந்த அலையாத்திக் காட்டில் இன்று மிஞ்சியிருப்பது பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

உபினின் வடமேற்கில், அலையாத்திக் காட்டை வெட்டி வரப்பு கட்டிய பழைய இறால் குளங்கள் கைவிடப்பட்டுக் கிடக்கின்றன. நிலம் தாழ்ந்த இடங்களில் கடல்நீர் நெடுநேரம் தேங்குவதால் முளைத்த கன்று மூழ்கிச் சாகிறது. அங்கே கன்றை நட்டுவிட்டு வந்தால் போதாது. நிலத்தின் உயரத்தையும் ஓதம் வந்து போகும் வழியையும் சரிசெய்தால் விதைகள் மிதந்து வந்து தாமே ஊன்றிக்கொள்ளும் என்பதுதான் அங்கே பின்பற்றும் முறை. எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைப்பது எண்ணுவது, அளப்பது, சிக்கிய வலையை அறுப்பது போன்ற வேலை. சென்ற ஆகஸ்டில் நான் கயிறு கட்டி எண்ணிய மூலையில் 11 கன்றுகள் இருந்தன. மார்ச்சில் பார்த்தபோது 9 நின்றன. அந்த ஒன்பதுக்காக அடுத்த வாரம் யாரும் மறுபடி உழைக்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. கருங்கல் வெட்டிய காலத்தில் ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த தீவு அது. இன்று மிஞ்சியிருப்பது சில குடும்பங்கள். நாங்கள் கொடுக்கும் படகுக் காசு, சைக்கிள் வாடகை, இளநீர்க் காசு எல்லாம் அந்தப் பிழைப்பைத்தான் தாங்குகிறது. ஓதம் திரும்பும் நேரத்தைக் கைபேசி சொல்லும். எந்த இடத்தில் சேறு ஆளை இழுக்கும் என்பதைப் படகோட்டி அங்கிள்தான் சொல்வார்.

நான் பார்த்தது ஓர் ஆண்டுதான். கன்று காடாக எத்தனையோ ஆண்டுகள் ஆகும், டிசம்பர் மழையில் மட்டும் நான் அங்கே போனதில்லை. சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள், நேரமும் குறைவு என்றால் ஈஸ்ட் கோஸ்டுக்கே போங்கள், அந்தப் பருவக்காற்று மாதங்களில் கட்டாயம் போங்கள். உபினுக்கு வருகிறவர்கள் கயிறு கட்டும் பழைய காலணி போட்டு வாருங்கள். செருப்பைச் சேறு பிடுங்கிக்கொள்ளும்.