பழைய பென்ஸைப் புதுப்பிக்கக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு: காணாமல் போகும் பம்பும் பட்டிக்குள் மறையும் துருவும்

மெர்சிடிஸ் பென்ஸின் டபிள்யூ123 வரிசைக் கார்களை, அதிலும் குறிப்பாக 240டி என்னும் டீசல் வகையை, வைத்திருப்பவர்களும் வாங்கிப் புதுப்பிக்க எண்ணுபவர்களும் படிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். கோவைக்கு வெளியே, பழைய ஐரோப்பியக் கார்களில் கைதேர்ந்தவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் ஒரு பட்டறையில் என் வண்டியின் அசல் டீசல் பம்பையும் (இன்ஜினுக்கு டீசலை அழுத்தித் தள்ளுவது) இன்ஜெக்டர்களையும் (அதைச் சிலிண்டருக்குள் தூவுபவை) கழற்றிக்கொண்டு, அவற்றின் இடத்தில் வேறொரு வண்டியின் பாகங்களைப் பொருத்தியிருக்கிறார்கள். துருப்பிடித்த தகட்டை வெட்டி மாற்றியதாகப் பணம் வாங்கிவிட்டு, அதன் மேலேயே பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். வழக்கு நுகர்வோர் ஆணையத்தின் முன் இருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே குறிப்பிடவில்லை. ஏமாற்று நடந்த விதம் தெரிந்தால் எந்தப் பட்டறையிலும் அதைக் கண்டுகொள்ள முடியும்.

இந்த வரிசை 1976-இல் அறிமுகமாகி 1986 தொடக்கம் வரை சுமார் 27 லட்சம் கார்களாக உருவானது. என்னுடையது 1982-ஆம் ஆண்டின் தயாரிப்பு. நான்கு சிலிண்டர், 2,399 சிசி, 72 குதிரைத்திறன். மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது அந்தக் குதிரைகள் எவ்வளவு நிதானமானவை என்பது இதை ஓட்டிய எல்லோருக்கும் தெரியும். நம் நாட்டில் பென்ஸ் கார்களின் தயாரிப்பு 1995-இல் புனேயில் அடுத்த தலைமுறையான டபிள்யூ124-இல்தான் தொடங்கியது; ஆகவே இங்கே ஓடும் டபிள்யூ123 ஒவ்வொன்றும், தூதரகங்கள் வழியாகவோ வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் வழியாகவோ, வெளியிலிருந்து வந்து சேர்ந்ததுதான். அசல் பாகங்களுக்குத் தட்டுப்பாடும் அதற்கேற்ற விலையும் இருப்பது இதனால்தான்.

ஆனால் 240டி-க்கு மட்டும் ஒரு விசித்திரமான நிலை உண்டு. அதன் ஓ.எம்.616 இன்ஜினைப் பஜாஜ் டெம்போ நிறுவனம், அதாவது இன்றைய ஃபோர்ஸ் மோட்டார்ஸ், டைம்லர் பென்ஸின் உரிமம் பெற்று இந்தியாவிலேயே தயாரித்தது. ஊர் ஊராக ஆட்களை ஏற்றிச் சென்ற டெம்போ டிராக்ஸிலும் டிராவலரிலும் இருந்தது இந்த இன்ஜின்தான். உடைப்புக் கடைகளில் அவற்றின் உதிரிகள் மலிவாகக் கிடைப்பது நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய வசதி. கேஸ்கெட்டுக்கும் பிஸ்டன் ரிங்குக்கும் ஜெர்மனி வரை போக வேண்டியதில்லை. அதே வசதிதான் ஏமாற்றுகிறவருக்கும் வழி திறந்துவிடுகிறது. டெம்போவின் பாகம் பென்ஸில் பொருந்தி வண்டியும் ஓடும் என்னும்போது, அசலைக் கழற்றி வெளியே விற்றுவிட்டு உடைப்புக் கடைச் சரக்கைப் பூட்டி அனுப்பினால், பானெட்டைத் திறந்து பார்க்கிற சாதாரண உரிமையாளருக்கு வேறுபாடு தெரியாது. இன்ஜின் பிளாக்கை அவர்கள் தொடுவதில்லை. அதன் எண் ஆர்.சி.-யில் இருக்கிறது, 15 ஆண்டு கடந்த வண்டிக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது ஆய்வாளர் அந்த எண்ணைச் சரிபார்ப்பார். பம்பின் எண்ணையோ இன்ஜெக்டரின் எண்ணையோ எந்த அலுவலகமும் பதிவு செய்து வைப்பதில்லை.

பட்டறையோடு எழுதிக்கொண்ட வேலைப் பட்டியலில் இருந்தவை டிங்கரிங், வண்டியின் அசல் நிறமான 737 எண் கிளாசிக் வெள்ளையில் முழுப் பெயிண்டிங், முன்பக்கச் சஸ்பென்ஷன் ரப்பர்கள், ஷாக் அப்சார்பர்கள், பிறகு இன்ஜினில் வால்வ் இடைவெளி சரிபார்த்தலும் ஃபில்டர் மாற்றுவதும் மட்டுமே. பம்பைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை. இருக்கத் தேவையும் இல்லை, ஏனென்றால் வண்டி உள்ளே போனபோது முதல் சுற்றிலேயே ஸ்டார்ட் ஆகிப் புகையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பல மாதம் இழுத்தடித்த பிறகு வண்டி கைக்கு வந்தபோது வெளித்தோற்றத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மிதித்தால் கரும்புகை, ஐடிலில் ஆணி அடிப்பது போன்ற தட்டல், அதோடு டேஷ்போர்டுக்குக் கீழே முன்பு இல்லாத ஒரு இழுவைக் கம்பி. இன்ஜினை நிறுத்த அந்தக் கம்பியை இழுக்க வேண்டுமாம்.

அந்தக் கம்பிதான் முதல் தடயம். இந்த மாடலில் சாவியைத் திருப்பினால் வேக்குவம், அதாவது இன்ஜின் உண்டாக்கும் காற்றுறிஞ்சும் விசை, ஒரு மெல்லிய குழாய் வழியே பம்பின் பின்புறத்தில் உள்ள சிறிய டப்பாவை இயக்கி டீசலை நிறுத்தும். பிரேக் பூஸ்டருக்கும், சென்ட்ரல் லாக் இருக்கும் வண்டிகளில் கதவுப் பூட்டுகளுக்கும் இதே வேக்குவம்தான் போகிறது. ஆகவே ஒரு கதவுக்குள் ரப்பர் கிழிந்திருந்தால்கூடச் சாவியை எடுத்த பின்பும் இன்ஜின் சில நொடிகள் ஓடிக்கொண்டிருக்கும். டபிள்யூ123 வைத்திருக்கிற எல்லோரும் அறிந்த குறை இது, பட்டறைக்காரரும் அதையே காரணமாகச் சொன்னார்: "பழைய வண்டிங்க சார், இந்த வேக்குவம் எல்லாம் நம்ம வெயிலுக்கு நிக்காது. கம்பி போட்டா ஆயுசுக்கும் தொந்தரவு இல்லை." கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் வேக்குவம் கசிந்தால் கசியும் இடத்தைக் கண்டுபிடித்து ஒரு ரப்பரை மாற்றினால் போதும். பம்பில் கம்பி மாட்டுவதற்கென்று ஒரு லீவர் எங்கிருந்து முளைத்தது என்ற கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை.

டீசல் பம்ப் சர்வீஸிலேயே தலை நரைத்த ஒருவரிடம் வண்டியைக் கொண்டுபோனேன். அவர் முதலில் கம்ப்ரஷனை, அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவை, அளந்தார். இந்த இன்ஜினுக்குப் புதிதாக இருக்கும்போது 22 முதல் 24 பார் வரை இருக்க வேண்டும், 15-க்குக் கீழே இறங்கினால்தான் இன்ஜின் வேலை பார்க்க வேண்டும். நான்கு சிலிண்டரிலும் 20-க்கு மேலேயே இருந்தது. ஆக, இன்ஜின் தேய்ந்ததால்தான் புகை என்று பட்டறை சொன்ன இரண்டாவது காரணமும் அங்கேயே விழுந்தது. பிறகு பம்பின் பக்கவாட்டில் படிந்திருந்த கிரீஸைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "இது டெம்போவுல வர்ற மைக்கோ பம்புங்க, உங்க வண்டியோடது இல்லை" என்றார். பெயர்த்தட்டு இருக்க வேண்டிய இடத்தில் ரிவெட் பிடுங்கிய துளைகள் மட்டுமே இருந்தன. மைக்கோ ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்தின் இந்தியக் கிளையாக 1951-இல் தொடங்கியது, பெங்களூரிலிருந்து நாட்டின் டீசல் வண்டிகளுக்கெல்லாம் பம்ப் கொடுத்த தரமான பெயர்தான். அந்தப் பம்பின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. வேன் ஒன்றுக்காக அளவு வைத்த பழைய பம்பை, அளவு மாற்றாமல், டைமிங்கும் சரிபார்க்காமல் காரில் பூட்டியதுதான் புகைக்குக் காரணம். டீசல் செலுத்தத் தொடங்க வேண்டிய கட்டம் பிஸ்டன் மேல்நிலையைத் தொடுவதற்கு 24 பாகை முன்பு. இதில் அது எங்கோ நின்றது. இன்ஜெக்டர்களைக் கழற்றி டெஸ்டரில் வைத்தபோது 115 முதல் 125 பாரில் திறக்க வேண்டியவை ஆளுக்கொரு அழுத்தத்தில் திறந்தன, ஒன்று திறப்பதற்கு முன்பே சொட்டியது.

நான் எந்தப் பட்டறைக்கு வண்டியைக் கொடுத்தாலும் கொடுக்கும் முன் இன்ஜின் பகுதியை எல்லாப் பக்கமிருந்தும் படம் பிடித்து வைப்பது வழக்கம். அந்தப் படங்களில் ஜெர்மன் பாஷின் அலுமினியத் தட்டும், அதில் பி.இ.எஸ். 4 எம் என்று தொடங்கும் எண்ணும் தெளிவாக இருந்தன. இன்று என் பக்கம் இருக்கும் வலுவான சான்று அதுதான்.

துரு விவகாரம் மழைக்காலத்தில் வெளிப்பட்டது. இந்த வரிசைக் கார்களில் துரு எங்கே பிடிக்கும் என்பது பழகியவர்களுக்கு மனப்பாடம்: பின் கண்ணாடியின் ரப்பருக்கு அடியில், வைப்பருக்குக் கீழே இலைச்சருகு சேர்ந்து தண்ணீர் வடியாமல் நிற்கும் பள்ளத்தில், டிக்கியின் இரு ஓரக் குழிகளில், ஜாக்கி நுழைக்கும் துளைகளைச் சுற்றி. இவற்றில் முதல் இடத்திலும் கடைசி இடத்திலும் என் வண்டிக்குத் துரு இருந்தது, அதை வெட்டியெடுத்துப் புதுத் தகடு பற்றவைப்பதற்கென்றே தனியாகக் கணக்குப் போட்டுப் பணம் வாங்கினார்கள். மழைக்குப் பிறகு பின் கண்ணாடிக்குக் கீழே பெயிண்ட் கொப்புளித்தது. அதைக் காட்டப் போன இடத்தில் டிங்கரிங் வேலைக்காரர் பெயிண்ட் கனம் அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தார். தொழிற்சாலைப் பெயிண்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் இருக்கும். பழையதைச் சுரண்டாமல் மேலே ஒருமுறை அடித்திருந்தால் 300 வரை போகும். கதவுகளுக்குக் கீழே ஓடும் சில் பகுதியில் கருவி 1,500-ஐத் தாண்டிக் காட்டியது. வண்டியைத் தூக்க ஜாக்கியை நுழைத்தபோது உள்ளே நொறுங்கும் சத்தம் கேட்டது. சுரண்டிப் பார்த்தால், துருவேறிய ஓட்டையின் மேல் கம்பி வலையை ஒட்டி, அதன்மேல் விரல் கனத்துக்குப் பட்டி.

இது வெறும் அழகுக் குறைபாடு இல்லை. சேஸிஸ் தனியாக இல்லாத இந்த மாதிரிக் கார்களில் சில்தான் வண்டியின் முதுகெலும்பு. மோதல் ஒன்று நேர்ந்தால் உள்ளே இருப்பவரைக் காப்பாற்ற வேண்டிய தகடு அது. பம்பைத் திருடியதை நான் ஒரு நாள் மறந்தாலும் மறப்பேன், இதை மறக்கிற எண்ணம் இல்லை.

பில்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஜெர்மனியின் லெம்ஃபோர்டர் நிறுவன ரப்பர்களுக்கும் பில்ஸ்டைன் நிறுவன ஷாக்குகளுக்கும் உரிய விலையை வாங்கிக்கொண்டு பெயரில்லாத சரக்கைப் போட்டிருந்தார்கள். பில்லில் "பென்ஸ் புஷ் செட்" என்று எழுதியிருந்ததே தவிர, பாக எண் இல்லை, ஜி.எஸ்.டி. எண் இல்லை. பென்ஸின் அசல் பாகம் எதற்கும் 'ஏ' எழுத்தைத் தொடர்ந்து பத்து இலக்கம் உண்டு. அந்த எண் இல்லாத பில்லை அசல் பாகத்துக்கான பில்லாக ஏற்கவே வேண்டாம்.

நேரில் கேட்டபோது, பம்ப் பழுதாகிவிட்டதாகவும், என்னிடம் வாய்மொழியாகச் சொல்லிவிட்டே மாற்றியதாகவும் பட்டறைக்காரர் சொன்னார். அப்படியானால் பழைய பம்பைக் கொடுங்கள் என்றேன். பழைய இரும்புக்குப் போட்டுவிட்டோம் என்றார். மாற்றிய பாகம் உரிமையாளரின் சொத்து என்பதைக்கூட அறியாதவர் போல அவர் பேசியதுதான் எனக்குப் பெரிய வியப்பு, ஏனென்றால் அவருடைய மேசைக்குப் பின்னால் இருந்த அலமாரியிலேயே பழைய பென்ஸ்களிலிருந்து கழற்றி எடுத்த பெக்கர் ரேடியோக்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன.

வண்டியைப் புதுப்பிக்கக் கொடுக்கிறவர்கள், கொடுக்கும் நாளிலேயே பம்ப், இன்ஜெக்டர், ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், மீட்டர் பெட்டி, ரேடியோ ஆகியவற்றின் எண்களைத் தாளில் எழுதி, பட்டறைக்காரரின் கையெழுத்தை வாங்கிவிடுங்கள். கையெழுத்துப் போடத் தயங்குகிறவரிடம் வண்டியை விட வேண்டாம். கழற்றும் பாகம் பழுதானதாக இருந்தாலும் உங்களிடமே திரும்ப வர வேண்டும் என்பதையும் அதே தாளில் சேர்த்துவிடுங்கள். தகடு வேலைக்குப் பணத்தை மூன்று கட்டமாகப் பிரித்து, வெட்டிய பின், பற்றவைத்த பின், பிரைமர் அடித்த பின் என நேரில் பார்த்தே கொடுங்கள். பிரைமர் ஏறிவிட்டால் உள்ளே இருப்பது தகடா பட்டியா என்பதைக் கண்ணால் சொல்ல முடியாது, காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி நகர்த்திப் பார்த்தால் ஓரளவு தெரியும்.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பேரத்தில் காலத்தைக் கடத்த வேண்டாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். பட்டறை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே தரலாம். கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, நான் கொடுத்தது அதைச் சற்றுத் தாண்டியதால் 200 ரூபாய் கட்டினேன். வழக்கறிஞர் இல்லாமலும் வாதாட முடியும். வழக்குக்கு முன் வழி கேட்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. வேறொரு பட்டறையில் வண்டியைப் பிரிப்பதற்கு முன் எதிர்த் தரப்புக்கு எழுத்தில் அறிவிப்பு அனுப்பி, பிரிப்பதை வீடியோ எடுத்து, பார்த்தவரிடம் எழுத்தில் அறிக்கை வாங்கி வையுங்கள். இல்லையென்றால் பிரித்தவர்தான் மாற்றினார் என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு வந்த பதில் நோட்டீஸில் அப்படித்தான் சொல்லப்பார்த்தார்கள்.

வண்டி இப்போது அதே மைக்கோ பம்பை அளவு வைத்துப் பூட்டியதில் புகையில்லாமல் ஓடுகிறது, சில் வேலை புதிதாக நடந்துகொண்டிருக்கிறது. என் அசல் பம்ப் யாருடைய வண்டியிலாவது இருக்கும், அல்லது விற்பனைக்குக் காத்திருக்கும். அதன் தட்டை முன்பே ஒருமுறை சரிசெய்தபோது கீழ் இடது மூலையில் ரிவெட்டுக்குப் பதிலாகப் பித்தளைத் திருகாணி போட்டிருந்தார்கள். 240டி பம்ப் என்று சொல்லி உங்களிடம் யாராவது கொண்டுவந்தால், விலை பேசும் முன் அந்த மூலையைப் பார்த்துவிட்டு, படம் எடுத்து இந்தப் பதிவின் கீழே இடுங்கள்.