“லாக் எல்லாம் பக்காவா இருக்கு சார்” என்றார்கள், நம்பினேன்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். காலேஜில் ஜாவா படித்த பாவத்துக்கு, கம்ப்யூட்டர் என்று எது வந்தாலும் என் தலையில்தான் விழும். டீலர்கள் போனில் ஆர்டர் சொல்லாமல் அவர்களே போட்டுக்கொள்ள ஓர் இணையதளம் வேண்டும் என்று முதலாளி சொன்னார். கோயம்புத்தூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியிடம் கொடுத்தோம். 2,40,000 ரூபாய். ஜேஎஸ்பி பக்கங்கள் (ஜாவாவை உள்ளே வைத்து எழுதும் இணையப் பக்கங்கள்), அவற்றை ஓட்டும் டாம்கேட் சர்வர். பெயரைச் சொல்லப் போவதில்லை. ஆனால் இதே மாதிரி வேலையை வெளியே கொடுக்க இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

ஒப்படைக்கும் நாளில் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: “ஏதாவது தப்பு நடந்தா, என்ன நடந்துச்சுன்னு பின்னாடி பார்க்க வழி இருக்கா?” “லாக் எல்லாம் பக்காவா இருக்கு சார்” என்றார் அந்தத் தம்பி. லாக் ஃபைல் என்றால் சைட்டில் நடப்பது வரிவரியாகப் பதிவாகும் ஃபைல். நான் அதைத் திறந்து பார்க்கவில்லை. என் தப்பு அது.

2021 அக்டோபர். தீபாவளி ஆர்டர் குவிகிற நேரம். ஒரு சனிக்கிழமை காலை சைட் படுத்துவிட்டது. உள்ளே போய்ப் பார்த்தால் ஹார்ட் டிஸ்க்கில் இடமே இல்லை. கேட்டலினா.அவுட் என்கிற ஒரே லாக் ஃபைல் 31 ஜிபி. டாம்கேட் அந்த ஃபைலைத் தானாகச் சுழற்றாது, பழையதை வெட்டாது. பழைய லாக்கை அவ்வப்போது ஒதுக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கும் லாக்ரொட்டேட் மாதிரி ஒன்றை நாமாக வைக்காவிட்டால் வளர்ந்துகொண்டே போகும். இவர்கள் வைக்கவில்லை. பதற்றத்தில் நான் ஃபைலை அழித்தேன். அப்படியும் இடம் திரும்பவில்லை. டாம்கேட் அதைத் திறந்தே வைத்திருந்ததால் பெயர்தான் போனது, இடம் காலியாகவில்லை. (அழிக்கக் கூடாது, ஃபைலை அப்படியே வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதை மட்டும் காலி செய்ய வேண்டும் என்று அப்புறம்தான் தெரிந்தது.) போன் போட்டால், “ரீஸ்டார்ட் பண்ணுங்க சார்.” அந்த மூணு வார்த்தைக்கு ‘அவசர உதவி’ என்று 6,000 ரூபாய் பில் வந்தது.

திங்கட்கிழமை வளர்ந்திருந்த புது ஃபைலை உட்கார்ந்து படித்தேன். “வந்துச்சு”, “வந்துச்சு 2”, “ஹலோ”, “இங்க ஓகே”. இப்படியே ஆயிரக்கணக்கான வரிகள். எந்தப் பக்கம், எந்த டீலர், எத்தனை மணிக்கு, ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு ஜேஎஸ்பி பக்கத்துக்குள்ளும் சிஸ்டம்.அவுட்.பிரிண்ட்எல்என் (ஒரு வரியை அப்படியே எழுதிவிடும் ஜாவா கட்டளை) என்று போட்டு வைத்திருந்தார்கள். எழுதும்போது தங்களுக்காகப் போட்டுப் பார்த்ததை எடுக்காமலே எங்களுக்கு விற்றிருக்கிறார்கள். தப்பு நடந்தால் பிடிக்க வேண்டிய கேட்ச் பகுதிகளோ பல இடங்களில் வெறும் காலி. கரூர் டீலர் ஒருவரின் ஆர்டர் பதிவாகாமல் போனதற்குக் காரணம் தேடினேன். நூறு “வந்துச்சு” கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை.

அதைவிட மோசம் லாகின் பக்கம். டீலர் அனுப்பும் எல்லா விவரங்களையும் அது அப்படியே எழுதியிருந்தது. பாஸ்வேர்டும் சேர்த்து, யாரும் படிக்கிற மாதிரி. இரண்டு மாதம் முன்பு ஏதோ பார்க்க வேண்டும் என்று அதே ஃபைலை அந்தத் தம்பி தன் லேப்டாப்புக்கு எடுத்துக்கொண்டு போயிருந்தார். 140 டீலர்களுக்கும் போன் செய்து பாஸ்வேர்டை மாற்றச் சொன்னோம். ஏன் என்று கேட்டவர்களிடம் என்ன சொல்வது? “அப்டேட்” என்றோம்.

சண்டை போட்டேன். உடனே ஒரு பெரியவர் லைனில் வந்தார். “சார், அது பேசிக் லாக். புரொபஷனல் லாக் வேணும்னா லாக்4ஜே போடணும், தனி சார்ஜ்.” 18,000 ரூபாய். சரி, ஒழுங்காக இருந்தால் போதும் என்று முதலாளி கொடுத்துவிட்டார். லாக்4ஜே என்பது ஜாவா நிரல்கள் லாக் எழுதப் பயன்படுத்தும் ஒரு ரெடிமேட் தொகுப்பு. நவம்பரில் அதன் 2.14.1 பதிப்பு வந்தது. ஜேஎஸ்பி பக்கத்திலிருந்தே லாக் எழுதுவதற்கு லாக்4ஜேயில் தனி டேக்குகள் (பக்கத்துக்குள் போடும் குறிச்சொற்கள்) உண்டு. இது வெறும் தகவல், இது எச்சரிக்கை, இது பிழை என்று தரம் பிரித்து எழுதலாம், வேண்டாததைச் செட்டிங்கிலேயே அடக்கி வைக்கலாம். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் இவர்கள் மாற்றியது நாலே பக்கம். மீதியில் அதே “வந்துச்சு”.

அந்த டேக் தொகுப்பில் டம்ப் என்று ஒன்று இருக்கிறது. இதை எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பெயரைப் பார்த்தால் லாக் ஃபைலுக்குள் கொட்டும் என்றுதான் தோன்றும். அப்படி இல்லை. செஷன் என்று குறித்துப் போட்டால், செஷனில் (லாகின் செய்தவருக்காகச் சர்வர் நினைவில் வைத்திருக்கும் விவரங்களில்) இருக்கும் எல்லாவற்றையும், பெயரும் மதிப்புமாக, வாடிக்கையாளர் பார்க்கும் பக்கத்திலேயே கொட்டிவிடும். டெவலப்பர் தன் மெஷினில் பார்த்துவிட்டு எடுத்துவிட வேண்டிய சமாச்சாரம். ஜேஎஸ்பியில் ஒரு வசதி உண்டு, வசதியா வம்பா தெரியவில்லை: ஓடுகிற சர்வரிலேயே பக்கத்தைத் திறந்து திருத்திவிடலாம், டாம்கேட் மாற்றத்தைக் கவனித்துத் தானே மறுபடி கம்பைல் செய்துகொள்ளும். இவர்கள் சோதனைக்கென்று தனி மெஷின் வைத்திருக்கவில்லை. வேலை முழுக்க எங்கள் சர்வரிலேயே நடந்தது.

ஒரு நாள் மதியம் ஈரோட்டு டீலர் கூப்பிட்டார். “ஏனுங்க, எனக்கு எட்டு பர்சென்ட்டுக்கு மேல தள்ளுபடி குடுக்க முடியாதுன்னீங்க. உங்க சைட்டே பன்னெண்டு வரைக்கும் குடுக்கலாம்னு சொல்லுதுங்களே?” வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட் வந்தது. ஆர்டர் பக்கத்தின் அடியில் அந்த டம்ப் கொட்டிய ஒரு பட்டியல்: அவருடைய கடன் வரம்பு, எங்கள் ஆட்கள் அவருக்கு அதிகபட்சம் இறங்கிப் போகலாம் என்று நாங்கள் உள்ளே வைத்திருந்த தள்ளுபடி, எல்லாம். முதலாளி ஒன்றும் பேசவில்லை, பன்னிரண்டே போடச் சொன்னார். அன்று வேறு எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அடுத்த வாரம் மட்டும் பதினொரு பேர் தள்ளுபடி கேட்டுப் பேசினார்கள். கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் டிசம்பர். 10ஆம் தேதி வாக்கில் உலகம் முழுக்க லாக்4ஷெல் என்று ஒரே பேச்சு. ஆபத்துக்குப் பத்துக்குப் பத்து மார்க் வாங்கிய பாதுகாப்பு ஓட்டை. லாக்4ஜே இரண்டாம் வரிசையில் 2013 முதலே இருந்த ஒரு வசதிதான் காரணம். லாக்கில் எழுதப்படும் வாக்கியத்துக்குள் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் முகவரி இருந்தால், லாக்4ஜே அதை வெறும் எழுத்தாக விடாது. அந்த முகவரிக்கே போய்த் தேடும். அங்கே காத்திருப்பவன் தன் நிரலை நம் சர்வரில் ஓடவைத்துவிடலாம். எங்கள் லாகின் பக்கம் யார் என்ன பெயர் அடித்தாலும் அதை அப்படியே லாக்கில் எழுதும். அதாவது வாசல் கதவே அதுதான். 2.14.1 அந்த ஓட்டை உள்ள பதிப்பு. டாம்கேட்டின் ஆக்சஸ் லாக்கை, அதாவது சைட்டுக்கு வந்த கோரிக்கைகளின் பதிவை, பார்த்தேன். 12ஆம் தேதியிலிருந்தே எவனெவனோ அந்த வடிவத்தில் தட்டிப் பார்த்திருக்கிறான்.

போன் செய்தேன். “பார்த்துக்கிறோம் சார்.” அந்த மாதத்துக்குள்ளேயே 2.15, 2.16, 2.17, 2.17.1 என்று திருத்தப் பதிப்புகள் ஒன்றின் பின் ஒன்றாக வந்தன. ஒன்றை அடைத்தால் இன்னொன்று தெரிந்த கதை. ஜனவரி முதல் வாரம் பில் வந்தது: “லாக்4ஜே 2.17.1 பாதுகாப்பு மேம்படுத்தல், இரண்டு நாள் வேலை, 14,000 ரூபாய்.” பயத்தில் இருந்தோம், அன்றைக்கே பணம் போட்டுவிட்டோம்.

பிப்ரவரியில் வேறு ஏதோ தேடப் போய் சைட் பயன்படுத்தும் ரெடிமேட் தொகுப்புகள் ஜார் ஃபைல்களாக இருக்கும் இடத்தை, வெப்-இன்ஃப் ஃபோல்டருக்குள் லிப் ஃபோல்டரை, திறந்தேன். லாக்4ஜே ஜார் ஃபைல்கள் இருந்தன. பெயரில் 2.14.1. தேதி நவம்பர். ஜனவரியில் யாரும் அந்த ஃபோல்டரைத் தொடவே இல்லை. நாங்கள் பணம் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கிய அந்த ஐந்து வாரமும் கதவு திறந்தேதான் இருந்திருக்கிறது.

கேட்டதற்கு வந்த பதில்: “வேற கிளையன்ட் பில் மாறி வந்திருக்கும் சார்.” பில்லின் தலையில் எங்கள் கம்பெனி பெயர், ஜிஎஸ்டி நம்பர் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

நீங்கள் இப்படி ஒரு சைட் வாங்கினால், கடைசித் தவணை கொடுக்கும் முன் அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு தப்பான ஆர்டர் போடுங்கள். அது லாக்கில் எந்த வரியாக விழுகிறது என்று காட்டச் சொல்லுங்கள். தப்பான பாஸ்வேர்டில் நுழைந்து பார்த்து, அது லாக்கில் தெரிகிறதா என்று தேடுங்கள். லிப் ஃபோல்டரில் இருக்கும் ஜார் பெயர்களைப் பில்லோடு ஒத்துப் பாருங்கள். ஜாவா தெரிய வேண்டியதில்லை, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்தால் போதும்.

பிப்ரவரியில் அந்த ஃபோல்டரைப் பார்த்த அன்று ராத்திரி ஜார் ஃபைல்களை நானே இறக்கி மாற்றினேன். டாம்கேட்டை நிறுத்தி, பழையதை எடுத்து, புதியதைப் போட்டு, மறுபடி ஓட்டி, ஒரு ஆர்டர் போட்டுப் பார்த்தது வரை பதினெட்டு நிமிடம். அந்த 14,000 இன்னும் திரும்பி வரவில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறேன்.