வந்தே பாரத் எக்ஸிகியூட்டிவ் வகுப்பு: கோவை–சென்னை பயணத்துக்கு யார் எடுக்கலாம்?

ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். சென்னையில் வேலை வந்தால் பெரும்பாலும் கோவை–சென்னை வந்தே பாரத்தில்தான் போவேன். சில நேரம் சேர் கார் எனும் சாதாரண இருக்கை வகுப்பு, சில நேரம் எக்ஸிகியூட்டிவ். ‘டபுள் காசு கொடுக்கிற அளவுக்கு அதில் என்ன இருக்கு?’ என்று அலுவலகத்தில் அடிக்கடி கேட்கிறார்கள். கட்டணம் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்பதால் நியாயமான கேள்விதான்.

கூடுதல் காசுக்குக் கிடைக்காததை முதலில் சொல்லிவிடுகிறேன். நேரம் மிச்சமாகாது. காலை 6 மணிக்குக் கோவையில் கிளம்பும் வண்டி 11.50-க்கு சென்ட்ரலுக்கு வரும், எந்தப் பெட்டியில் உட்கார்ந்தாலும் அதே நேரம்தான். ஏசி, தானியங்கிக் கதவு, பெரிய கண்ணாடி ஜன்னல், சார்ஜ் போடும் பிளக் எல்லாம் இரண்டு வகுப்பிலும் உண்டு. சாய்ந்துகொள்ளும் வசதிகூட 2022-க்குப் பிறகு வந்த வண்டிகளில் சேர் காருக்கும் கொடுத்துவிட்டார்கள்.

அப்புறம் எதற்கு எக்ஸிகியூட்டிவ்? இடத்துக்கு. சேர் காரில் ஒரு வரிசைக்கு ஒரு பக்கம் மூன்று பேர், மறுபக்கம் இரண்டு பேர். எக்ஸிகியூட்டிவில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு பேர்தான். சேர் கார் பெட்டியில் 78 இருக்கை என்றால் இதில் 52. நடு இருக்கை என்ற ஒன்றே கிடையாது. லேப்டாப்பைத் திறந்து எக்ஸெல் பார்க்கும்போது முழங்கை பக்கத்தில் இருப்பவர் மேல் படாது. காலை நீட்டினாலும் முன்னால் இருப்பவரின் இருக்கையில் முட்டி இடிக்காது. சேலம் தாண்டிய பிறகு நிம்மதியாக வேலை பார்க்க முடிகிறது. எனக்கு அதுவே போதும்.

ஆனால் இந்த வகுப்பின் உண்மையான அருமை எனக்குத் தெரிந்தது அம்மாவை அழைத்துப் போனபோதுதான். வண்டி போகும் திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் அம்மாவுக்குத் தலை சுற்றும், வாந்தி வரும். சேர் காரில் இருக்கைகளைத் திருப்ப முடியாது. பெட்டியில் ஒரு பகுதி முன்னோக்கியும் மறு பகுதி பின்னோக்கியும் இருக்கும், நமக்கு எது வாய்க்கிறதோ அதுதான். எக்ஸிகியூட்டிவில் இருக்கையை 180 டிகிரி திருப்பிக்கொள்ளலாம்.

திருப்புவதற்குக் கொஞ்சம் பக்குவம் வேண்டும். சாய்த்து வைத்திருந்தால் முதலில் நேராக நிமிர்த்துங்கள். கைப்பை, தண்ணீர் பாட்டில், சார்ஜர் வயர் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பிறகு கீழே உள்ள மிதியை அழுத்திக்கொண்டே தள்ளினால் இரண்டு இருக்கையும் ஒன்றாகச் சுழன்று, மறு திசையில் ‘டக்’கென்று பொருந்தும். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் உட்கார வேண்டும். இரண்டும் சேர்ந்தே திரும்புவதால் பக்கத்து இருக்கைக்காரரும் எழுந்திருக்க வேண்டியிருக்கும். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், வண்டி கிளம்புவதற்கு முன்பே திருப்பிவிட்டால் இன்னும் நல்லது. அம்மா சென்னை வரை மாத்திரை போடாமலே வந்தார்கள். கூடுதலாகக் கொடுத்த பணம் அன்றைக்கே எனக்குச் செரித்துவிட்டது. நான்கு பேராகப் போகும் குடும்பம் ஒரு ஜோடியைத் திருப்பிவிட்டு எதிரெதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டும் வரலாம்.

இந்த வண்டி சென்னை பெரம்பூரில் உள்ள ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பில் உருவானது. அங்கே 1955 முதல் பெட்டி செய்கிறார்கள். நம் ஊர்த் தொழிற்சாலையில் செய்த இருக்கையில் அம்மா சௌகரியமாக உட்கார்ந்து வந்ததில் எனக்குத் தனி சந்தோஷம்.

சாப்பாட்டுக்காக இந்த வகுப்பை எடுக்காதீர்கள். தட்டில் வைத்து இருக்கைக்கே கொண்டுவந்து தருகிறார்கள், சூடாக இருக்கும், பசி அடங்கும். அவ்வளவுதான். வேண்டாம் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே ‘உணவு வேண்டாம்’ என்று தேர்வு செய்தால் அந்தத் தொகை கட்டணத்தில் குறையும். சர்க்கரை, உப்பு பார்த்துச் சாப்பிடுகிறவர்கள் வீட்டிலிருந்தே இட்லி கட்டிக்கொண்டு போவது மேல்.

பெட்டி அமைதியாக இருக்குமா என்பதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆள் குறைவு, அதனால் சத்தமும் பொதுவாகக் குறைவு. ஆனால் இயர்போன் இல்லாமல் ரீல்ஸ் பார்க்கிறவர்கள் எந்த வகுப்பிலும் உண்டு. தயவுசெய்து நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

ஏறும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஈரோடு, சேலம் மாதிரி இடை நிலையங்களில் வண்டி சில நிமிடம்தான் நிற்கும். கதவு மூடிவிட்டால் ஓடிவந்து தொற்றிக்கொள்ளும் பேச்சே இல்லை, கதவுகள் வண்டி ஓட்டும் லோகோ பைலட்டின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. அதே காரணத்தால், வழியனுப்ப வந்தவர்கள் பையை வைத்துவிட்டு வருகிறேன் என்று உள்ளே ஏறவே கூடாது. E1 என்று குறிக்கப்படும் எக்ஸிகியூட்டிவ் பெட்டி எங்கே நிற்கும் என்று பிளாட்பாரப் பலகையில் பார்த்து முன்பே போய் நின்றுகொள்ளுங்கள். பெரிய சூட்கேஸ் வேண்டாம். தலைக்கு மேலே உள்ள பரணில் நடுத்தரப் பெட்டி வரைக்கும்தான் வசதியாகப் போகும், அதைத் தூக்கி வைக்கவும் ஒரு ஆள் வேண்டும்.

ஈரோட்டிலிருந்து சேலம் வரைக்கும் போகிறவர்களுக்கு இது வீண் செலவு. தனியாகப் போகும் இளவட்டங்களுக்கு சேர் காரே தாராளம், மிச்சமாகும் பணத்தில் திரும்பி வரவே டிக்கெட் எடுத்துவிடலாம். கோவையிலிருந்தோ ஈரோட்டிலிருந்தோ சென்னை வரை போகும் முட்டிவலிக்காரர்கள், பின்னோக்கி உட்கார முடியாதவர்கள், வழியிலேயே வேலையை முடிக்க வேண்டியவர்கள் தயங்காமல் எடுக்கலாம். 52 இருக்கைதான் என்பதால் சீக்கிரம் தீர்ந்துவிடும், வெயிட்டிங் லிஸ்ட்டை நம்பி வயதானவர்களைக் கிளப்பாதீர்கள். புதன்கிழமை இந்த வண்டி ஓடாது, அதையும் பார்த்துத் தேதி போடுங்கள்.