நாயின் ‘மன அழுத்தப் பரிசோதனை’ என்று வீட்டுக்கு வருபவர்களிடம் அவதானமாக இருங்கள்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கங்களில் நாய் வளர்க்கும் குடும்பங்கள் இதனைத் தயவுசெய்து இறுதிவரை வாசிக்க வேண்டும். நாயின் குருதியில் மன அழுத்த ஓமோனை அளந்து தருவதாகச் சொல்லி வீட்டுக்கே வந்த ஒரு சேவையிடம் நாங்கள் 56,000 ரூபாவைக் கொடுத்து ஏமாந்தோம். பணம் போனது ஒருபுறமிருக்க, எங்கள் ஜிம்மியையே இழக்கும் நிலைக்கு வந்துவிட்டோம்.

ஜிம்மிக்கு ஒன்பது வயது. தோல் அரிப்புக்காக மிருக வைத்தியர் இரண்டு கிழமைக்கு எழுதித் தந்த பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் குளிசையை, மறுபடி அவரிடம் காட்டாமல், நாங்களாகவே பாமசியில் வாங்கி ஏறத்தாழ இரண்டு மாதம் கொடுத்துவிட்டோம். அந்தப் பிழை எங்களுடையது. அதை மறைக்க விரும்பவில்லை. அந்நாட்களில் அவன் தண்ணீர்க் கோப்பையைத் திரும்பத் திரும்ப வெறுமையாக்கினான். இரவில் வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்தான். மின்விசிறியின் கீழ் படுத்திருந்தபோதும் மூச்சிரைத்தான். சித்திரைப் புத்தாண்டு வெடிச் சத்தத்தால் பயந்துபோயிருக்கிறான் என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்த வேளையில்தான் அந்தச் சேவையின் தொலைபேசி இலக்கம் கிடைத்தது.

வந்த இளைஞர் நாய்க்கு என்ன மருந்து கொடுக்கிறோம் என்று ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. வீதியில் வெடி கேட்டுக்கொண்டிருந்த மாலை நேரத்தில், நானும் கணவரும் ஜிம்மியை அழுத்திப் பிடிக்க, மூன்றாவது முறை ஊசி ஏற்றியபின் ஒரு சிறு குழாயில் குருதி எடுத்துக்கொண்டு, 18,000 ரூபாவையும் பெற்றுச் சென்றார். மூன்றாம் நாள் அறிக்கை வந்தது: மன அழுத்த ஓமோனான கோர்ட்டிசோல் அதிகம். மன அழுத்தம் மிக மோசமான கட்டத்தில் இருப்பதாகவும், மற்றைய மருந்துகள் அனைத்தையும் அன்றே நிறுத்திவிட்டுத் தங்களுடைய மூலிகைக் குளிசைகளை மட்டும் மூன்று மாதம் கொடுக்க வேண்டுமென்றும் தொலைபேசியில் சொன்னார்கள். அதற்கு 38,000 ரூபா.

பிரெட்னிசொலோனை நிறுத்தி மூன்றாம் நாளிரவு ஜிம்மி வாந்தியெடுத்து, கால்கள் நடுங்கி, எழுந்து நிற்க முடியாமல் விழுந்தான். முச்சக்கர வண்டியில் மிருக வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கிருந்த வைத்தியர் அம்மா முதலில் கேட்டது மருந்து அட்டையைத்தான். வெளியிலிருந்து ஸ்டீரொய்ட் நீண்ட நாள் உள்ளே போகும்போது, கோர்ட்டிசோலைச் சுரக்கும் அதிரீனல் சுரப்பி தன் வேலையை நிறுத்திக்கொள்ளும். குளிசையைத் திடீரென நிறுத்தினால் உடம்புக்குத் தேவையான கோர்ட்டிசோல் எந்தப் பக்கத்திலிருந்தும் கிடைக்காது என்று அவர் விளக்கினார். சேலைன் ஏற்றி, அதே மருந்தை மீண்டும் தொடங்கி, பல கிழமைகளில் சிறிது சிறிதாகக் குறைத்தோம். குளிசை முற்றாக நின்றபின் தண்ணீர் குடிப்பதும் மூச்சிரைப்பதும் தாமாகவே பழைய அளவுக்கு வந்தன. நாங்கள் மன அழுத்தம் என்று நினைத்த அத்தனையும் அந்தக் குளிசையின் விளைவுகளே.

அறிக்கையை அவரிடம் காட்டியபோதுதான் எவ்வளவு பொறுப்பின்றி அந்தப் பரிசோதனை செய்யப்பட்டது என்பது புரிந்தது. பிரெட்னிசொலோனின் வேதியியல் அமைப்பு கோர்ட்டிசோலை ஒத்திருப்பதால், ஆய்வுகூட முறைகள் பல அதையும் கோர்ட்டிசோலாகவே எண்ணிவிடும். ஆகவே அந்த உயர்ந்த அளவில் ஒரு பங்கு நாங்கள் ஊட்டிய மருந்தாகவே இருந்திருக்கும். இயல்பான அளவு என்று அச்சிட்டிருந்த எண்கள் காலை, மாலை என இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தன. அந்தப் பிரிவு மனிதருக்குரியது. நாய்களில் அவ்வாறு நம்பத்தக்க காலை மாலை வேறுபாடு இல்லை. நாய் என்ற சொல்லே அறிக்கையில் இல்லை. கணவரின் பெயருக்கு நேரே வயது ஒன்பது என்று மட்டும் இருந்தது.

இவையெல்லாம் சரியாக இருந்திருந்தாலும்கூட, பயந்து திமிறும் நாயிடம் ஒருமுறை எடுத்த குருதி அந்த நேரத்துப் பயத்தைத்தான் காட்டும். கோர்ட்டிசோல் நாள் முழுதும் ஏறி இறங்குவது, பயத்தில் சில நிமிடங்களிலேயே உயர்வது. அதனால்தான் கோர்ட்டிசோல் அளவுக்கு மீறிப்போகும் குஷிங் நோயைச் சந்தேகிக்கும் வைத்தியர்கள் சுரப்பியைத் தூண்டியோ அடக்கியோ பார்க்கிறார்கள். சுரப்பியைத் தூண்டும் ஏ.சி.ரி.எச். என்ற ஓமோன் ஊசிக்கு முன்னும் ஒரு மணி நேரத்தின் பின்னும் குருதி எடுப்பது ஒரு முறை. ஸ்டீரொய்ட் கொடுத்ததால் வந்த நிலையைக் கண்டறிய உதவுவதும் இதுவே. உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் டெக்ஸாமெதசோன் என்ற, சுரப்பியை அடக்கும் ஸ்டீரொய்டை ஏற்றி, நான்காம், எட்டாம் மணி நேரங்களில் மீண்டும் அளப்பது இன்னொன்று. எட்டு மணி நேரம் தேவைப்படும் ஒன்றை ஐந்து நிமிடத்தில் வரவேற்பறையில் முடிக்க முடியாது. நாய் கலவரப்படாமல் வீட்டிலேயே காலைச் சிறுநீரைச் சேகரித்து, கோர்ட்டிசோலுக்கும் கிரியற்றினின் என்ற கழிவுப் பொருளுக்கும் உள்ள விகிதத்தைப் பார்ப்பதும் உண்டு. அது இயல்பாக இருந்தால் குஷிங் நோயைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம், உயர்ந்திருந்தால் அதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல இயலாது. ஒற்றை அளவுக்கும் ஒரு பயன் இருக்கிறது: ஸ்டீரொய்ட் எதுவும் எடுக்காத நாயில் அது லீற்றருக்கு 55 நனோமோலுக்கு மேல் இருந்தால், கோர்ட்டிசோல் போதியளவு சுரக்காத அடிசன் நோய் இருக்கும் சாத்தியம் மிகக் குறைவு. ‘மன அழுத்தம் இத்தனை வீதம்’ என்று சொல்ல அது உதவாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, ஆலோசனை இலவசமாகத்தான் வழங்கப்பட்டது என்றும், திறந்த போத்தலை ஏற்க முடியாது என்றும் பதில் வந்தது. பற்றுச்சீட்டில் வைத்தியர் எவரது பெயரும் பதிவிலக்கமும் இல்லை. 1956 ஆம் ஆண்டின் சட்டத்தின்படி இலங்கையில் மிருக வைத்தியம் செய்பவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். குருதி எடுக்கவிடும் முன்னர் அந்த இலக்கத்தைக் கேளுங்கள், கொடுக்கும் மருந்துகள் அனைத்தையும் நீங்களாகவே சொல்லுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழைத்து முறையிட்டிருக்கிறோம்.

எங்கள் தொடர்மாடியின் நான்காம் மாடியில் இருக்கும் குடும்பத்துக்கு அந்தச் சேவையின் இலக்கத்தை நாங்களே கொடுத்திருந்தோம். ஜிம்மி தேறி வந்தபின் அவர்களைச் சந்தித்தபோது, அதே காலை மாலை எண்களோடு ஓர் அறிக்கை அவர்களது மேசையிலும் இருந்தது. அவர்களது நாயும் காது நோய்க்காக ஸ்டீரொய்ட் எடுத்துக்கொண்டிருந்தது. மறுநாளிலிருந்து அதை நிறுத்தத் தீர்மானித்திருந்தார்கள்.