சர்வரில் ஃபிஜி, மடியில் லேப்டாப்: ஒரு பயனரின் புலம்பல்

வேறு ஆய்வகத்தில் இருக்கும் தோழி கேட்டாள்: "எங்க சர்வர்லயும் டர்போவிஎன்சி போட்டுத் தரப்போறாங்களாம். லேப்டாப்ல ஃபிஜி ஓட்டுறதை விட்டுடலாமா?" ஃபிஜி என்பது நுண்ணோக்கிப் படங்களை அலசும் மென்பொருள்; டர்போவிஎன்சி தொலைவில் உள்ள சர்வரின் திரையை நம் கணினியில் காட்டுவது. ஒரு வரியில் முடிகிற பதில் இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் நுண்ணோக்கிக் கேமராவில் ஒரு தளம் (அடுக்கடுக்காக எடுக்கும் படங்களில் ஒன்று) 2048-க்கு 2048 பிக்சல், 16 பிட். அதாவது 8 எம்பி. 500 தளம், இரண்டு சேனல் (ஒளிரும் நிறம் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிப் படம்) என்றால் 8 ஜிபி. அதை வீட்டு இணையத்தில் இறக்கும் தொல்லை ஒழிந்தது. கோப்பும் சர்வரில், கணக்கீடும் சர்வரில். நமக்கு வருவது திரையின் படம் மட்டும். முன்பு எஸ்எஸ்எச் இணைப்பின் வழியே, சர்வரில் ஓடும் நிரலின் ஜன்னலை நம் கணினியில் திறக்கும் எக்ஸ் ஃபார்வர்டிங்கில் ஓட்டியபோது ஒரு மெனு விரிவதற்குள் டீ ஆறிவிடும். இணைப்பு அறுந்தால் ஓடிக்கொண்டிருந்த மேக்ரோவும் (வேலைகளை வரிசையாகத் தானே செய்யும் கட்டளைத் தொகுப்பு) போச்சு. டர்போவிஎன்சியில் அப்படியில்லை. இணைப்பு போனாலும் வேலை சர்வரில் நடந்துகொண்டே இருக்கும். இரவில் மேக்ரோவைத் தட்டிவிட்டு, லேப்டாப்பை மூடிவிட்டுத் தூங்கலாம். இந்த ஒன்றுக்காகவே கோயில் கட்டலாம்.

ஆனால் அந்தத் திரைப் படம் இருக்கிறதே! டர்போவிஎன்சி அதை ஜேபெக்காகச் சுருக்கி அனுப்புகிறது. இயல்பான தரம் 95. நிறத் தகவலையும் குறைப்பதில்லை. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. எங்களுக்கு அமைத்துத் தந்த புண்ணியவானோ, மெதுவான இணைப்புக்காரர்களை நினைத்துத் தரம் 30, நிறம் 4:2:0 (நிறத் தகவலைக் கால்வாசியாக்கும் முறை) என்று எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். மின்னஞ்சல் படிக்க அது போதும். கறுப்புப் பின்னணியில் இரண்டு மூன்று பிக்சல் அகலத்தில் மங்கலாக ஒளிரும் புள்ளிகளுக்கு? 8-க்கு 8 கட்டங்களில் கரைந்து போகின்றன. சிவப்புச் சேனல் ஓரங்களில் வழிகிறது. தரத்தை நாமே ஏற்றிக்கொள்ளலாம்தான். என் வீட்டு இணையத்தில் ஏற்றினால் ஸ்லைடரை இழுக்கும்போது திரை திக்குகிறது.

நியாயமாகச் சொன்னால் எண்களில் ஒரு குறையும் வராது. எந்தப் பிரகாசத்துக்கு மேல் புள்ளியாகக் கொள்வது என்ற எல்லையைத் (த்ரெஷோல்ட்) தானே கணக்கிடும் ஓட்சு முறை பார்ப்பது சர்வரில் உள்ள அசல் பிக்சல்களை. ஆனால் நம்மில் பாதிப்பேர் த்ரெஷோல்டைக் கண்ணால் பார்த்துத்தானே இழுக்கிறோம்? கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், எல் நான்கையும் சேர்த்து அழுத்தினால் திரை ஒருமுறை இழப்பில்லாமல் வரும். அடுத்த தளத்துக்கு நகர்ந்தால் மறுபடி அழுத்த வேண்டும். 500 தளம்! இப்போதெல்லாம் ஒவ்வொரு சேனலையும் சாம்பல் நிறத்தில் தனித்தனியாகப் பார்க்கிறேன். நிறம் வழியும் தொல்லையாவது மிச்சம்.

இன்று இவ்வளவு கோபம் வரக் காரணம் வேறு. ஃபிஜி தானாகவே கணினி மெமரியில் முக்கால் பங்கை உச்சவரம்பாக எடுத்துக்கொள்ளும். சொந்த லேப்டாப்பில் சரி. 256 ஜிபி சர்வரில் மூன்று பேர் திறந்தால் ஆளுக்கு 192 என்று மூன்று ஃபிஜியும் நம்பும். மெமரி தீர்ந்ததும் லினக்ஸ் ஒன்றைக் கொன்றது. என்னுடையதை. சேமிக்காத ஆர்ஓஐ (படத்தில் குறித்து வைத்த பகுதிகள்) எல்லாம் அதோடு போயிற்று.

ஆகவே தோழிக்கு என் பதில்: வேண்டாம், லேப்டாப்புக்கு மெமரி கூட்டிக்கொள். நான் மட்டும் இன்றிரவும் அதே சர்வரில்தான் இருப்பேன், வேறு வழியில்லை. சர்வரில் பயனர் கணக்கு வாங்கியே தீருவாய் என்றால், ஆளுக்கு 48 ஜிபிக்கு மேல் கிடையாது என்று அட்மினிடம் முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்.